லினக்ஸில் விண்டோஸ் கேம்: ஓட வைப்பது சுலபம், பூட்டுதான் தலைவலி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 11 ஏறாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "என் கேம் எல்லாம் ஓடுமா?" என்பதைத்தான். பெரும்பாலும் ஓடும். ஓடாமல் அடம்பிடிக்கும் கேம்களை எடுத்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் லினக்ஸில் இருக்காது. காசு கொடுத்து வாங்கியவனையே சந்தேகப்பட்டு, விற்ற கம்பெனி மேலே மாட்டிவைத்த டிஆர்எம் பூட்டில், அதாவது திருட்டு நகலைத் தடுக்க வைக்கும் காவலில் இருக்கும். அதனால் இங்கே பாதி, கேமை எப்படி ஓட வைப்பது என்பது. மீதி, வாங்குவதற்கு முன்னாலேயே பூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. அவசரம் என்றால் இரண்டாவது பாதியை முதலில் படியுங்கள், காசு மிச்சமாகும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். விண்டோஸ் கேம் "ஒரு ஜன்னல் திற, இந்த ஃபைலைப் படி" என்று விண்டோஸிடம் கேட்கும். வைன் என்ற மென்பொருள் குறுக்கே நின்று அதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். 1993-லிருந்து வைனை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2018 வரை 3டி கேம் என்றால் கொஞ்சம் நொண்டிதான். அந்த வருடம் டிஎக்ஸ்விகே வந்தது. படம் வரைய விண்டோஸ் கேம்கள் தரும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, லினக்ஸிலும் செல்லுபடியாகும் வல்கன் கட்டளைகளாக மாற்றுவது அதன் வேலை. வால்வ் கம்பெனி இது இரண்டையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்துக் கட்டி, அதே வருடம் ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் தன் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமுக்குள் வைத்தது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி முழுக்க முழுக்க லினக்ஸில் ஓடுவதால், புரோட்டானைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் வால்வுக்கே வந்துவிட்டது. அதன் பலன் நமக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்த லினக்ஸ் என்பதில் ரொம்ப யோசிக்காதீர்கள். மின்ட், உபுண்டு, ஃபெடோரா எதுவானாலும் சரி. கிராபிக்ஸ் டிரைவர்தான் முக்கியம். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு வேண்டியது லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடும், சிஸ்டத்தை அப்டேட் செய்தால் போதும். என்விடியா என்றால் அந்தக் கம்பெனியின் டிரைவரைப் போடுங்கள். மின்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

நம் ஊரில் ஜிடி 710 கார்டு போட்ட அசெம்பிள்டு கம்ப்யூட்டர்கள் நிறைய. அதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கார்டுக்கான கடைசி என்விடியா டிரைவர் வரிசை 470. அது வல்கன் 1.2 வரைதான் போகும். புரோட்டான் 8-லிருந்து வருகிற டிஎக்ஸ்விகே, வல்கன் 1.3 கேட்கும். அதனால் புதிய புரோட்டானில் டைரக்ட்எக்ஸ் கேமைப் போட்டால் திரை கறுப்பாகும், இல்லை சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். ஃபோரம் ஃபோரமாகத் தேட வேண்டாம், புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய கேம்கள் அதில் பரவாயில்லாமல் ஓடும்.

அடுத்து ஸ்டீம். உபுண்டுவின் கடையில் ஸ்னாப் வடிவத்தில் கிடைப்பதை விட்டுவிட்டு, ஸ்டீம் தளத்திலேயே கிடைக்கும் டெப் ஃபைலை இறக்குங்கள். ஸ்னாப் பதிப்பில் வினோதமான பிரச்சினைகள் வருகின்றன என்று வால்வ் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். லாகின் ஆன பிறகு செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய், எல்லாக் கேம்களுக்கும் புரோட்டான் என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் தொட வேண்டாம். இனி விண்டோஸ் கேமுக்கும் இன்ஸ்டால் பட்டன் நீலமாக எரியும், அழுத்தினால் இறங்கும், அவ்வளவுதான். ஒரு கேம் முரண்டு பிடித்தால் அதன் பெயரில் வலது கிளிக், பிராப்பர்டீஸ், மறுபடி கம்பாட்டிபிலிட்டி. அங்கே டிக் போட்டால் எந்தப் புரோட்டான் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முதலில் புரோட்டான் எக்ஸ்பெரிமென்டல், அதுவும் சரிப்படவில்லை என்றால் புரோட்டான்-ஜிஇ. இந்த ஜிஇ வெளியாட்கள் தொகுப்பது, ஸ்டீமில் நேராகக் கிடைக்காது, புரோட்டான்அப்-க்யூடி என்ற சின்ன மென்பொருளை வைத்து இறக்க வேண்டும். கேமில் கதைக் காட்சி வரவேண்டிய இடத்தில் பழைய தூர்தர்ஷன் காலத்து வண்ணப் பட்டைகள் நின்றுகொண்டிருந்தால், வீடியோவைத் திறக்கும் கோடெக் இல்லை என்று அர்த்தம். ஜிஇ போட்டால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. விண்டோஸில் ஏற்கெனவே இறக்கிய கேம் டி டிரைவில் கிடக்கிறதே, அதையே லினக்ஸிலும் காட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவை உருவாக்கும்போது பெயரில் முக்காற்புள்ளி உள்ள ஃபைல்களை எழுதும், விண்டோஸுக்கு அந்த மாதிரிப் பெயர் ஆகாது. அங்கே டிஸ்க் சோதனை ஒருமுறை ஓடினால் குழப்பம்தான். கேமை லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தப் போலி சி டிரைவ் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காம்பேட்டேட்டா என்ற இடத்தில், கேமின் எண்ணைப் பெயராகக் கொண்டு உட்கார்ந்திருக்கும். "அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கு" என்று பலர் யோசனை சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் கிளவுட் சேமிப்பு இல்லாத கேமாக இருந்தால் நீங்கள் விளையாடிச் சேமித்ததும் அதோடு போய்விடும். முதலில் உள்ளே யூசர்ஸ் ஃபோல்டரைத் தனியாக எடுத்து வையுங்கள், அப்புறம் அழியுங்கள்.

எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியதற்கு ஹீரோயிக் என்ற லாஞ்சர் (கேமை இறக்கித் திறந்துவிடும் மென்பொருள்) போதும். சிடியில் இருக்கும் கேமுக்கு லூட்ரிஸ் அல்லது பாட்டில்ஸ். மூன்றும் இலவசம்.

இனி பூட்டுக் கதை.

பழைய சிடிகளிலிருந்தே தொடங்கலாம். 2000-களில் வந்த கேம்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்று ஒன்று இருக்கும், டிரைவில் அசல் சிடி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. சேஃப்டிஸ்க் விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு டிரைவரைச் செருகும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்தேவிட்டது, பழைய விண்டோஸ்களிலும் அப்டேட் மூலம் முடக்கியது. ஆக, கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி விண்டோஸிலேயே ஓடாது, திருட்டு நகல் வைத்திருந்தவன் அன்றும் இன்றும் நிம்மதியாக விளையாடுகிறான். இதற்கு மேல் இந்தப் பூட்டைப் பற்றி என்ன சொல்ல? லினக்ஸிலும் அந்தச் சிடியோடு மல்லுக்கட்டாதீர்கள். அதே கேம் ஜிஓஜியில் இருக்கிறதா என்று பாருங்கள், 2008-இல் தொடங்கியதிலிருந்து அந்தக் கடையின் கொள்கையே பூட்டில்லாமல் விற்பதுதான், தள்ளுபடி நாளில் மலிவாகவும் கிடைக்கும். பூட்டை உடைக்கும் ஃபைலைத் தேடுவது சட்டப்படி என்ன என்று கேட்பீர்கள். இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மாதிரி ஃபைல் கிடைக்கிற தளங்களில் கூடவே என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து டெனுவோ, புதுக் கேம்களில் மாட்டும் டிஆர்எம் பூட்டு, 2014-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நியாயமாகச் சொன்னால் லினக்ஸில் அது ஓடவே ஓடாது என்பதில்லை, ஓடும். ஆனால் ஒரு நாளில் ஐந்து கம்ப்யூட்டர் வரைதான் என்று பல கேம்களில் ஒரு வரம்பு உண்டு, நீங்கள் புரோட்டான் பதிப்பை மாற்றினால் அதற்கு அது ஒரு புதுக் கம்ப்யூட்டர். கேம் ஏனோ திணறுகிறது, எக்ஸ்பெரிமென்டல் போட்டுப் பார்ப்போம், 9 போட்டுப் பார்ப்போம், ஜிஇ போட்டுப் பார்ப்போம் என்று நாம் சாதாரணமாகச் செய்கிற அதே வேலையை இங்கே செய்தால், அரைமணி நேரத்தில் "அளவுக்கு மீறிய ஆக்டிவேஷன்" என்று சொல்லி 24 மணி நேரம் கதவைச் சாத்திவிடும். மேசையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் நம்முடையது! அதனால் டெனுவோ கேம் என்றால் முதலில் புரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்கள் எந்தப் பதிப்பில் ஓட்டினார்கள் என்று படித்து, அந்த ஒன்றை முடிவு செய்துவிட்டுப் பிறகு பிளே அழுத்துங்கள். அந்தத் தளத்தில் தங்கம், வெள்ளி என்று பதக்கம் இருக்கும், பதக்கத்தை மட்டும் நம்பாமல் கடந்த ஒன்றிரண்டு மாதக் குறிப்புகளைப் படிப்பது நல்லது.

பொறுமை இருந்தால் இன்னொரு வழி, காத்திருப்பது. விற்பனை ஓய்ந்ததும் சில கம்பெனிகள் டெனுவோவைத் தாமாகவே கழற்றிவிடும். 2016 மே மாதம் வெளியான டூமில் அதே டிசம்பரில் கழற்றிவிட்டார்கள். தலைகீழாகவும் நடக்கும். டூம் எடர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2020 மே மாதம் ஒரு அப்டேட்டில் டெனுவோவின் ஆன்டி-சீட்டை (ஆன்லைனில் ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள்) சேர்த்தார்கள், லினக்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேம் நின்றுபோனது. ஸ்டீமில் ஆட்கள் திட்டித் தீர்த்த பிறகு ஒரு வாரத்துக்குள் எடுப்பதாக அறிவித்தார்கள்.

அப்புறம் இந்த லாஞ்சருக்குள் லாஞ்சர். ஸ்டீமில் வாங்கினாலும் ராக்ஸ்டார், யூபிசாஃப்ட், ஈஏ கேம்களில் அவரவர் லாஞ்சர் தனியாகத் திறந்து, தனியாக லாகின் கேட்கும். பெயர் வேண்டாம், ஒரு லாஞ்சரில் பாஸ்வேர்டு தட்டும் கட்டமே எனக்கு வெள்ளையாக நின்றது, கேம் என்னவோ உள்ளே தங்கம் மாதிரி இருக்கிறது, அதன் வாசலில் நிற்கிற காவல்காரன்தான் தூங்குகிறான். இப்படி நேர்ந்தால் காம்பேட்டேட்டாவில் உள்ள சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு, அதை அழித்து, லாஞ்சரைப் புதிதாக ஏற விடுங்கள்.

ஆன்டி-சீட் கண்டிப்பாகச் சொன்னால் டிஆர்எம் கிடையாது, ஆனால் மாட்டிக்கொண்டவனுக்கு என்ன வித்தியாசம்? ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி செய்துவிட்டன. ஆனால் கேம் கம்பெனி மனது வைத்து அதை ஆன் செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது, அன்றோடு லினக்ஸுக்கு ஆன்லைன் போச்சு, தனியாள் கதை மட்டும் இன்னும் ஓடுகிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அதே வருடம் அக்டோபர் 31-ஆம் தேதி லினக்ஸைத் தடுத்துவிட்டது. வாலரன்ட் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே காவல் வைப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம். விர்ச்சுவல் மெஷினில் (லினக்ஸுக்குள்ளேயே ஓடும் போலி விண்டோஸ் கம்ப்யூட்டர்) போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அக்கவுண்டே தடையாகலாம். இந்தக் கேம்கள்தான் உங்களுக்கு உயிர் என்றால் ஒரு விண்டோஸ் பார்ட்டிஷனை வைத்துக்கொள்வதே நல்லது.

சர்வரை நிறுத்திவிட்டால் எந்த லினக்ஸும் எந்த விண்டோஸும் ஒன்றும் செய்ய முடியாது. 2014-இல் வந்த தி க்ரூ, தனியாளாகக் கார் ஓட்டுவதற்கும் இணையம் கேட்ட கேம். 2024 மார்ச் 31-ஆம் தேதி யூபிசாஃப்ட் சர்வரை அணைத்தது, காசு கொடுத்தவர்கள் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அதிலிருந்து கிளம்பியதுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பாவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2024-இல் ஒரு சட்டம் போட்டார்கள், விற்பது பொருள் அல்ல, உரிமம்தான் என்பதைக் கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று. ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில் இப்போது அந்த வரி இருக்கிறது, சின்ன எழுத்தில்.

வாங்கும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்டீம் பக்கத்தில் வலது ஓரமாகக் கீழே இறங்கிப் பாருங்கள், வெளியார் டிஆர்எம், தனி அக்கவுண்ட் என்று இருந்தால் அங்கே ஒரு பெட்டியில் எழுதியிருக்கும், டெனுவோவின் ஐந்து கம்ப்யூட்டர் வரம்பு உட்பட. சந்தேகமாக இருந்தால் பிசி கேமிங் விக்கியில் அந்தக் கேமின் பெயரைத் தேடுங்கள், எந்தக் கடைப் பதிப்பில் என்ன பூட்டு என்று அட்டவணையே இருக்கும். ஆன்லைன் கேம் என்றால் ஆர் வீ ஆன்டி-சீட் யெட் என்ற தளம். இதற்கும் மேல் வாங்கிவிட்டால், அன்றே இறக்கி அன்றே ஓட்டிப் பாருங்கள். 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். லாஞ்சரோடு போராடுகிற நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போராடுங்கள்.

ஜிஓஜியில் வாங்கியதை மட்டும் ஹீரோயிக்கில் இறக்கியதோடு விட்டுவிடாதீர்கள். அவர்கள் தளத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தனியாகக் கிடைக்கிறது. நிறைய கேம் இருந்தால் எல்ஜிஓஜிடவுன்லோடர் என்ற லினக்ஸ் மென்பொருள் மொத்தத்தையும் வரிசையாக இறக்கித் தரும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு இணையம் இல்லாத ஊருக்குப் போனாலும் லூட்ரிஸில் அந்த ஃபைலைக் காட்டினால் ஏறிவிடும்.