ஆங்கிலப் பெயரை எபிரேய எழுத்தில் எழுதணுமா?

ஒலிக்குத்தான் எழுத்து, ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு அல்ல. முதலில் இதை மனதில் வையுங்கள்.

எபிரேயத்தில் ‘ட’ ஒலிக்கு டெட், டாவ் என இரண்டு எழுத்துகள் உண்டு. ‘க’வுக்குக் காஃப், கோஃப். எதைப் போடுவது என்றுதான் பலரும் தடுமாறுவார்கள். அயல்மொழிச் சொல் என்றால் பெரும்பாலும் டெட், கோஃப், ‘ஸ’வுக்கு ஸாமெக். இன்டர்நெட்டில் வரும் இரண்டு ‘ட’வும் டெட்தான், ஃபேஸ்புக் கோஃபில் முடியும்.

‘ஜ’வுக்குத் தனி எழுத்து கிடையாது. ‘கங்கை’யின் முதல் ‘க’ போல ஒலிக்கும் கிமெல் எழுதி, அதன் இடப்பக்கம் மேலே கெரெஷ் என்ற சிறு கோடு போட்டால் ‘ஜ’. ‘ட்ஸ’ ஒலிக்கான ட்ஸாதியோடு அதே கோடு சேர்ந்தால் சார்லியின் ‘ச்ச’. நாம் பகரத்துக்கு முன் ஆய்தம் வைத்து ‘ஃப’ எழுதுகிறோமே, அதே உத்திதான். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது! ஜான் என்ற பெயருக்கு கிமெல், கெரெஷ், ‘ஒ’வுக்கு வாவ், ‘ன்’னுக்கு நூன் போதும். சொல்லின் கடைசியில் வருவதால் நூனுக்கு இறுதி வடிவம்.

உயிரொலியில் ‘இ’க்கு யோத், ‘ஒ’, ‘உ’வுக்கு வாவ். குறில் ‘எ’ பெரும்பாலும் எழுதப்படாது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘ப’, ‘ஃப’ இரண்டுக்கும் பயன்படும் பே எழுத்தின் இறுதி வடிவம் ‘ஃப்’ என்றே ஒலிக்கும். அதனால் வாட்ஸ்அப் போல ‘ப்’பில் முடியும் அயல்சொல்லுக்குக் கடைசியிலும் சாதாரண பேயே போடுங்கள். வாட்ஸ்அப்பின் முதல் ஒலிக்கு இரட்டை வாவ்.