ஜாவா லிஸ்டின் வரிசை டேட்டாபேஸில் கலையாமல் இருக்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகும் ஒரு வேனுக்கு ஆப் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பழைய லயம், மாரியம்மன் கோயில், பால் ஸ்டோர், தாமான் முச்சந்தி என நான்கு நிறுத்தங்கள். டிரைவர் அண்ணனுக்கு இந்த வரிசைதான் எல்லாம். கோயிலை விட்டுவிட்டுப் போனால் செம்பனைக்கு நடுவே வண்டியைத் திருப்ப இடம் கிடைக்காது. ஜாவா, ஹைபர்னேட் (ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை டேட்டாபேஸில் சேமித்து எடுத்துத் தரும் லைப்ரரி), போஸ்ட்கிரஸ் (டேட்டாபேஸ்) மூன்றும் கொஞ்சம் பழக்கம் இருந்தால் இதைச் செய்துவிடலாம்.

படி 1: முதலில் கலைத்துப் பாருங்கள்

வேன் என்ற கிளாஸுக்குள் நிறுத்தங்களின் லிஸ்ட். அதன்மேல் ஒன்டுமெனி (@OneToMany: ஒரு வேனுக்குப் பல நிறுத்தங்கள்), ஜாயின்காலம் (@JoinColumn: இரண்டு டேபிள்களையும் இணைக்கும் பத்தி, அதாவது column) என்ற இரண்டு குறிப்புகளையும் (annotation) போடுங்கள். நிறுத்தம் டேபிளில் வேன்_எண் வந்துவிடும். சேமித்துத் திரும்ப எடுத்தால் நான்கும் சொன்னபடியே வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கோயிலின் நேரத்தை மட்டும் 6.20லிருந்து 6.25 ஆக்கி, ஆப்பை மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் கோயில் கடைசிக்குப் போயிருக்கும். போஸ்ட்கிரஸ் அப்டேட் செய்யும்போது பழைய வரியை அழித்து எழுதுவதில்லை. புதுப் பிரதி ஒன்றை எழுதி வைக்கிறது. ஆர்டர் பை (ORDER BY: இந்த வரிசையில் தா என்ற கட்டளை) இல்லாத கேள்விக்குக் கையில் கிடைத்த வரிசையில் பதில் தருகிறது.

இது போஸ்ட்கிரஸின் குற்றமில்லை. 1970இல் இ.எஃப். காட் முன்வைத்த ரிலேஷனல் மாடலில் டேபிளின் வரிகளுக்கு முன், பின் என்பதே கிடையாது. வரிசை வேண்டுமென்றால் அதையும் ஒரு தகவலாக நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

படி 2: வரிசை எங்கிருந்து வருகிறது?

ஏற்றும் நேரத்தை வைத்தே வரிசை முடிவாகிறது என்றால் லிஸ்டின்மேல் ஆர்டர்பை (@OrderBy) போட்டு, நேரம் என்று குறிப்பிட்டால் போதும். புதுப் பத்தி எதுவும் வேண்டாம். ஆனால் டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போதுதான் அது அடுக்கும்; மெமரியில் நீங்கள் சேர்க்கும் நிறுத்தம் சேர்த்த இடத்திலேயே இருக்கும்.

மழை பெய்து மண்சாலை சேறானால் அண்ணன் தன் இஷ்டத்துக்கு வழியை மாற்றுவார். அந்த வரிசையை நேரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அப்போது 2009இல் ஜேபிஏ 2.0 (ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா விதிமுறை) கொண்டுவந்த ஆர்டர்காலம் (@OrderColumn: வரிசை எண்ணுக்கென ஒரு பத்தி) வேண்டும்.

படி 3: ஆர்டர்காலம்

லிஸ்டின்மேல் ஆர்டர்காலம் போட்டு, பத்தியின் பெயர் வரிசை_எண் என்று கொடுங்கள். டேபிள் இப்படி இருக்கும்:

வேன்_எண் | வரிசை_எண் | பெயர்
1 | 0 | பழைய லயம்
1 | 1 | மாரியம்மன் கோயில்
1 | 2 | பால் ஸ்டோர்
1 | 3 | தாமான் முச்சந்தி

எண் 0இல் தொடங்குவதைக் கவனியுங்கள். இந்தப் பத்தியை இனி ஹைபர்னேட்டே பார்த்துக்கொள்ளும். நிறுத்தம் கிளாஸில் இதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

ஏற்கெனவே வரிகள் இருக்கும் டேபிள் என்றால் அங்கேதான் வம்பு. புதுப் பத்தி நல் (null, மதிப்பு இல்லாமல் வெறுமை) ஆக இருந்தால் லிஸ்டை எடுக்கும்போதே ஹைபர்னேட் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வேனுக்கும் தனித்தனியாக, நேரப்படி 0, 1, 2 என்று முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். 1இலிருந்து நிரப்பினால் லிஸ்டின் முதல் இடம் நல் ஆகிவிடும். யாராவது டேட்டாபேஸுக்குள் நேராகப் புகுந்து நடுவில் ஒரு வரியை அழித்தாலும் இதே கதைதான்: அந்த இடத்தில் நல் உட்கார்ந்துகொண்டு நல்பாயிண்டர் பிழையை (NullPointerException) கிளப்பும்.

முதல் நிறுத்தத்தை நீக்கினால் பின்னால் உள்ள அத்தனைக்கும் எண் மாறும். நான்குக்கு இது ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கில் வளரும் லிஸ்டுக்கு நான் இதைப் போடமாட்டேன்.

அப்புறம், கோயில் நிறுத்தம் இரண்டு வேன்களுக்கும் பொது என்று வந்தால்? ஒரு வேனுக்கு அது இரண்டாவது, இன்னொன்றுக்கு முதலாவது. உறவை மெனிடுமெனி (@ManyToMany: பல வேன்கள், பல நிறுத்தங்கள்) ஆக்குங்கள். வரிசை_எண் தானாகவே ஜாயின் டேபிளுக்கு (எந்த வேனுக்கு எந்த நிறுத்தம் என்று வைக்கும் தனி டேபிள்) போய்விடும்.

படி 4: சோதனை

நடுவில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துச் சேமியுங்கள். உடனே படித்துப் பார்த்தால் மெமரியில் இருக்கும் அதே லிஸ்டுதான் திரும்பி வரும். அதனால் வரிசை சரியாகத்தான் தெரியும். ஃப்ளஷ் செய்து (மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்பி), மெமரியில் ஆப்ஜெக்ட்டுகளை வைத்திருக்கும் என்டிட்டி மேனேஜரை கிளியர் செய்த பிறகு வேனைப் புதிதாக எடுத்துப் பாருங்கள்.