இருபத்தெட்டு கெட்டு வரை பிள்ளைக்கு முத்தம் வேண்டாம்

உதட்டு ஓரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து, உடைந்து, பொருக்குத் தட்டும். காய்ச்சல் கொப்புளம் என்போம். பூச்சி எச்சம் பட்டது என்பவர்களும் உண்டு. அது ஹெர்பிஸ் வைரஸ்; மறைவிடத்திலும் புண் உண்டாக்கும். பெரியவர்களுக்கு ஒரு வாரத் தொந்தரவு. பிறந்த பிள்ளைக்கு அதுவே மூளைக்கு ஏறிவிடக்கூடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக நடந்தவள் நான். கர்ப்பிணிகளிடம் சொல்லி வந்ததையே இங்கே எழுதுகிறேன். பிறந்த இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு அரைஞாண் கட்டும் சடங்கைத்தான் எங்கள் பக்கம் இருபத்தெட்டு கெட்டு என்போம்; அதுவரையாவது முத்தம் வேண்டாம்.

முதலில் தாயின் எதிர்ப்பொருள். முன்பே இந்த வைரஸ் வந்துபோன தாயின் ரத்தத்தில் அதை அடக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது, பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டார்ட்மவுத் ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தாயின் எதிர்ப்பொருள் குட்டியின் நரம்புத் திசு வரை போய்ச் சேர்ந்து காப்பாற்றுவதைக் கண்டார்கள். மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளைக்கு இந்தக் கட்டுச்சோறு குறைவு. அவர்களிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஆகவே, பழைய தொற்று உள்ள தாயைவிட, கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்று வாங்கும் தாயின் பிள்ளைக்கே ஆபத்து அதிகம். எதிர்ப்பொருள் உருவாகிப் பிள்ளைக்குப் போய்ச்சேர நேரம் இருக்காது. கணவருக்கு உதட்டிலோ மறைவிடத்திலோ கொப்புளம் இருந்தால் அந்த மாதங்களில் விலகியே இருங்கள். உங்களுக்கே மறைவிடத்தில் புண் வந்திருந்தால், எப்போதோ வந்ததாக இருந்தாலும், டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள் மக்ளே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 36-ஆம் வாரத்திலிருந்து மாத்திரை தருவார்கள். வலி வரும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள். இந்த வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்க வருபவர்கள்தான் பெரிய வேலை. யாரும் முகத்திலோ கையிலோ முத்தமிட வேண்டாம். சீனித் தண்ணீரை விரலில் தொட்டு வாயில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். கொப்புளம் உள்ளவர் பொருக்கு உதிர்ந்து காயும் வரை பிள்ளையைத் தூக்கக் கூடாது. மாமியாரிடம் மருமகள் இதைச் சொல்ல முடியாது. “நர்ஸம்மா சொல்லியிருக்கிறார்கள்” என்று என் மேல் போடுங்கள். தாய்க்கே உதட்டில் கொப்புளம் என்றால் மாஸ்க் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பால் கொடுக்கலாம். மார்பில் புண் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம், அறிகுறி. ஒரு வீட்டில் பன்னிரண்டாம் நாள் பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் காட்டிய இடத்தில் சளி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. வலது கை மட்டும் ஒரே தாளத்தில் துடித்தது. நான் அந்தக் கையை மெல்லப் பிடித்தேன். சாதாரண நடுக்கம் என்றால் பிடித்ததும் நிற்கும். இது என் உள்ளங்கைக்குள்ளேயே துடித்துக்கொண்டிருந்தது. வலிப்பு. உடனே 108-க்குப் போன் செய்தோம்.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாதது, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது, துடிப்பு, கொப்புளம் – இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொப்புளத்தின் மேல் காவி பூசி அக்கி எழுதவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில், “வீட்டில் ஒருவருக்கு உதட்டில் கொப்புளம் இருந்தது” என்று நீங்களாகவே சொல்லுங்கள். முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் பயந்து மறுக்காதீர்கள். மூளையில் தொற்று இருக்கிறதா என்பது அந்த நீரில்தான் தெரியும். இந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவுக்கு மூளை பிழைக்கும்.

அந்தப் பிள்ளைக்கு 21 நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது, அப்புறம் ஆறு மாதம் வாய் வழியாக. இருபத்தெட்டு கெட்டை நாற்பத்தொன்றாம் நாள் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு அரைஞாண் கட்டிவிட்ட பாட்டி மாஸ்க் போட்டிருந்தார்.