பிடித்த ஸ்டாண்ட்-அப் கலைஞரை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி

மேடையில் தனியாக நின்று பேசியே சிரிக்க வைக்கும் ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞர் நமக்கு ஏன் பிடிக்கிறார் என்று யாராவது கேட்டால், நாம் பெரும்பாலும் அவருடைய ஜோக் ஒன்றைச் சொல்லிக் காட்ட முயல்வோம். எதிரில் இருப்பவர் மரியாதைக்குச் சிரித்து வைப்பார். அந்தத் தோல்வியையே பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்த ஐந்து நிமிடப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் அவர் பேசியதை மட்டும் தாளில் எழுதுங்கள். எழுத்தில் எவ்வளவு சிரிப்பு மிஞ்சுகிறது, எவ்வளவு காணாமல் போகிறது என்று பார்த்தால், அவருடைய பலம் எங்கே இருக்கிறது என்பது பிடிபடும்.

தொடங்குவதற்கு அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் ப்ரையரின் மேடை நிகழ்ச்சிப் படமான ‘லைவ் இன் கான்சர்ட்’ (1979) மிகவும் பொருத்தமானது. பேச்சு கொச்சையாக இருக்கும் என்பதால், வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது போட வேண்டாம். அதில் தமக்கு வந்த மாரடைப்பை அவர் விவரிக்கும் பகுதியை எழுதிப் பார்த்தால், தாளில் கிடைப்பது இவ்வளவுதான்: வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தவரை அவருடைய இதயமே மூச்சு விடாதே என்று மிரட்டுகிறது; பன்றிக்கறியைத் தின்றபோது சாவைப் பற்றிய நினைப்பு வரவில்லையா என்று கேட்கிறது; அவர் ரகசியமாகக் கடவுளிடம் முறையிடப் பார்த்தால், அதையும் கண்டுபிடித்து மேலும் வதைக்கிறது. படிக்கும்போது புன்னகை வரலாம், அதற்கு மேல் எதுவும் வராது.

இப்போது அதே பகுதியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மார்பின் மேல் முறுக்கப்படும் முஷ்டி, மடங்கும் முழங்கால், கடைசியில் மேடைத் தரையில் சாய்ந்து கிடக்கும் உடல் என்று வலி படிப்படியாக ஏறுவது தெரியும். அடுத்து, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். ‘இதயம் சொன்னது’, ‘நான் சொன்னேன்’ என்ற இணைப்புகள் இல்லாமலேயே, ரவுடியின் குரலுக்கும் கெஞ்சும் பிள்ளையின் குரலுக்கும் அவர் மாறி மாறித் தாவுகிறார். யார் பேசுவது என்ற குழப்பம் ஓரிடத்திலும் வருவதில்லை. சாகக் கிடந்த அனுபவத்தைச் சொல்பவர் தம்மீது இரக்கம் கோராமல், தம்மையே கேலிக்கு ஒப்புக்கொடுக்கிறார். என் கணக்கில் இதுதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

இன்னொரு அமெரிக்கக் கலைஞரான ஜார்ஜ் கார்லினுக்கு இதே சோதனை நேர்மாறான விடையைத் தரும். தொலைக்காட்சியில் ஒருபோதும் சொல்லக்கூடாத ஏழு கெட்ட சொற்களைப் பற்றி 1972இல் ‘கிளாஸ் கிளவுன்’ இசைத்தட்டில் அவர் பேசியதைத் தாளில் எழுதினாலும் சிரிப்பு கெடுவதில்லை. அந்தச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையை மாற்றி வாய்விட்டுப் படித்தால்தான் கெடுகிறது. அதே கருவை ஒட்டிய பிற்காலப் பேச்சு ஒன்று வானொலியில் ஒலிபரப்பானதால் எழுந்த வழக்கு, 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே, கார்லினைப் பார்க்கும்போது உடலசைவைத் தேடாமல், ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைத்துச் சோதியுங்கள்.

தமிழில் பயில விரும்புகிறவர்கள் அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். திரைப்பாடல்களை அவரே பாடி, அவற்றின் நடுவே பேசும் அமைப்பு அது என்பதால், தாளில் எழுதினால் பாதிக்கு மேல் போய்விடும். பாட்டு எந்த அடியில் நிற்கிறது, பேச்சு எந்த இடத்தில் நுழைகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஏற்கெனவே நம் காதில் ஓடிக்கொண்டிருக்கும் மெட்டு அவருக்காகப் பாதி வேலையைச் செய்துவிடுவதால், நெடிய முன்னுரை அவருக்குத் தேவைப்படுவதில்லை.

பதிவுகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. சிரிக்கும் முகங்களைக் காட்டும் வெட்டுகள் படத்தொகுப்பாளர் சேர்ப்பவை. அவற்றை வைத்துக் கலைஞரை எடைபோடக் கூடாது. முடிந்தால், பிடித்த கலைஞர் புதிய விஷயங்களைச் சிறிய அரங்கில் சோதித்துப் பார்க்கும் நாளில் நேரில் போய்ப் பாருங்கள். பின்னர் அதே பகுதி பதிவாக வெளிவரும்போது, எந்த வாக்கியத்தை வெட்டியிருக்கிறார், எங்கே கூடுதலாக ஒரு நொடி நிறுத்துகிறார் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.