எதற்காக எடுத்தோம், எதைச் செய்துவிட்டு வைத்தோம்: மாணவர்களுக்கான ஒரு வாரக் கைபேசிக் குறிப்பேடு

ஒரு மாணவர் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் கைபேசியில் செலவிடுகிறார் என்ற கணக்கு இன்று கைபேசிக்குள்ளேயே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்றும் ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ என்றும் 2018ஆம் ஆண்டு அறிமுகமான வசதிகள், எந்தச் செயலியில் எத்தனை நிமிடம் போயிற்று என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஆயினும் ‘நான்கு மணி நேரம்’ என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மாணவரோ பெற்றோரோ உருப்படியான ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்த நான்கு மணி நேரத்துக்குள் இயற்பியல் பாடமும் இருக்கலாம், அம்மாவுக்காக எரிவாயு உருளை பதிவு செய்ததும் இருக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாக ஓடிய ரீல்ஸும் இருக்கலாம். கைபேசியை எதற்காக எடுத்தோம், எதைச் செய்துவிட்டு வைத்தோம் என்ற இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைக் கண்டுபிடிப்பதே பயன்தரும் வேலை. அதற்கு ஒரு வாரமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும்.

குறிப்பேட்டைக் காகிதத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் குறிப்பதற்காகக் கைபேசியைத் திறப்பதே இன்னொரு முறை எடுப்பதாகிவிடும், திறந்த கை சும்மா மூடுவதும் இல்லை. நோட்டையும் பேனாவையும் கைபேசிக்குச் சார்ஜ் போடும் இடத்திலேயே வைத்துவிட்டால் மறதிக்கு இடமிருக்காது. வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலாண்டுத் தேர்வு வாரத்தையும் பொங்கல் விடுமுறையையும் தவிர்த்து, பள்ளியும் டியூஷனும் வழக்கம்போல் நடக்கிற, திங்களில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமையில் முடியும் ஏழு நாட்களை எடுத்துக்கொள்வது நல்லது.

பக்கத்தில் நான்கு பத்திகள் போடுங்கள்: எடுத்த நேரம், எதற்காக, உண்மையில் செய்தது, வைத்த நேரம். முதல் இரண்டையும் திரையைத் திறப்பதற்கு முன்பும், பின் இரண்டையும் கைபேசியைக் கீழே வைத்தவுடனும் எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால் முழு வேலையும் வீண். செய்து முடித்த பிறகு காரணத்தை எழுதினால், செய்ததற்கேற்ற காரணத்தை மனம் தானாகவே தயாரித்துக் கொடுத்துவிடும். படுக்கப்போகும்போது ஒட்டுமொத்தமாக நினைவிலிருந்து எழுதுவதும் அப்படித்தான். தாங்களே மதிப்பிட்டுச் சொல்லும் நேரமும் கருவி பதிவு செய்த நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

எடுத்துக்காட்டாக, பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவியின் ஒரு நாள் மாலைப் பக்கம் இப்படி இருக்கலாம்:

மாலை 5.20 | வகுப்புக் குழுவில் கணக்கு வீட்டுப்பாடம் பார்க்க | பார்த்தேன். பிறகு எல்லாருடைய ஸ்டேட்டஸும் | 5.45
மாலை 6.30 | அம்மா சொன்ன மின்கட்டணம் கட்ட | கட்டினேன் | 6.36
இரவு 7.10 | ஒளிவிலகல் கணக்கில் சந்தேகம், யூடியூபில் பார்க்க | பாடம் பாதி வரை. பிறகு கிரிக்கெட் ஷார்ட்ஸ் | 8.05
இரவு 9.40 | தெரியவில்லை | இன்ஸ்டாகிராம் | 10.30

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். கைபேசியின் கணக்கில் அது ‘யூடியூப், 55 நிமிடம்’ என்று மட்டுமே பதிவாகும். மகள் படித்தாள் என்று அப்பா எடுத்துக்கொண்டாலும் தவறு, பொழுதை வீணாக்கினாள் என்று எடுத்துக்கொண்டாலும் தவறு. 2020 செப்டம்பரில் ஷார்ட்ஸ் இந்தியாவில் முதன்முதலாக அறிமுகமானதிலிருந்து, பாடமும் பொழுதுபோக்கும் ஒரே செயலிக்குள் ஒரு விரல் தள்ளலில் மாறிக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. செயலிவாரிக் கணக்கால் அதைப் பிரித்துக்காட்ட இயலாது. நான்காவது வரியில் உள்ள ‘தெரியவில்லை’ என்பதை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. வாரக் கடைசியில் அதிகம் சொல்லித்தரப்போவது அந்த வரிதான்.

இரவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி நோட்டைக் கைபேசியின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் சென்று டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்தால் அன்றைய நேரம் ஒரு வட்டமாகத் தெரியும். அதைத் தொட்டால் செயலிவாரி விவரத்தோடு, கைபேசியை எத்தனை முறை திறந்தோம், எத்தனை அறிவிப்புகள் வந்தன என்பவையும் கிடைக்கும். நோட்டில் பதினைந்து வரிகளும் கைபேசியில் அறுபது திறப்புகளும் இருந்தால், மீதி நாற்பத்தைந்தும் நேரம் பார்க்கவும் செய்தி வந்திருக்கிறதா என்று எட்டிப்பார்க்கவும் எடுத்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எழுத முயல வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் பக்கத்தின் அடியில் குறித்துக்கொண்டால் போதுமானது. யூடியூபின் பார்த்தவை பட்டியல் நாள்வாரியாக இருப்பதால், மூன்றாவது வரி போன்றவற்றைப் பாடம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரிக்க அது கைகொடுக்கும்.

இந்தக் கணக்குக்கும் ஓட்டைகள் உண்டு. திரை அணைந்திருக்கையில் காதில் ஓடிய பாட்டு திரை நேரத்தில் சேராது. காணொளியை ஓடவிட்டுத் தூங்கிப்போனால் அந்தத் தூக்கமும் சேர்ந்துவிடும். தொலைக்காட்சியும் மடிக்கணினியும் இதற்குள் பொதுவாக வராது என்பதால் அவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நம் வீடுகள் பலவற்றில் மாணவருக்கென்று தனிக் கைபேசி இல்லை என்பதே. அம்மாவின் கைபேசியில் தம்பி விளையாடியதும், அத்தை தொடர் பார்த்ததும், மாணவர் பாடம் கேட்டதும் ஒரே கணக்கில் விழுகின்றன. அத்தகைய வீட்டில் கைபேசி காட்டும் எண்ணை மறந்துவிட்டு நோட்டை மட்டும் நம்புவதே சரி. வீட்டு வேலையாக எடுத்த முறைகளுக்கு ஓரத்தில் ‘வீ’ என்று போட்டுவிட்டால், மின்கட்டணத்துக்கும் ஜிபேக்கும் போன நேரம் படிக்கும் பிள்ளையின் தலையில் ஏறாது.

முதல் வாரத்தில் எதையும் மாற்ற முயலக் கூடாது. எழுதுகிறோம் என்ற நினைப்பே முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கையைக் கட்டிப்போடும். புதன், வியாழன் வாக்கில்தான் வழக்கமான போக்கு வெளிப்படத் தொடங்கும். ஒரு நாள் எழுத விட்டுப்போனால் அந்தப் பக்கத்தைக் காலியாகவே விடுங்கள், இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம்.

ஞாயிறு மாலை நோட்டை விரித்துவைத்து, இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒத்துப்போகும் வரிகளுக்குப் பென்சிலால் ஒரு கோடும், பிரிந்துபோகும் வரிகளுக்கு இரண்டு கோடும் போடுங்கள். பிறகு இரட்டைக் கோட்டு வரிகளை மட்டும் வாசித்து, அவை எந்த நேரத்தில் கூடுகின்றன, அவற்றுக்குச் சற்று முன்பு என்ன நடந்தது, எந்தச் செயலியிலிருந்து எந்தச் செயலிக்குத் தாவல் நிகழ்கிறது என்று பாருங்கள். கடினமான கணக்கில் மாட்டிக்கொண்ட பிறகா, டியூஷன் முடிந்து களைத்து வந்த பிறகா, வீட்டில் சண்டை நடந்த பிறகா என்பது நோட்டை எழுதியவருக்கு மட்டுமே தெரியும். கண்டதை அரைப் பக்கம் எழுதிவையுங்கள். ‘நான் செல்போனை அதிகம் பயன்படுத்துகிறேன், இனி குறைத்துக்கொள்வேன்’ என்று எழுதுவது பயனற்றது. அதை நோட்டு எழுதாமலேயே எழுதியிருக்கலாம். ‘வீட்டுப்பாடம் கேட்கக் குழுவுக்குப் போன ஆறு முறையில் நான்கு முறை ஸ்டேட்டஸில் முடிந்தது, வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே எழுதிக்கொண்டு வந்தால் அந்த ஆறு முறையும் தேவைப்பட்டிருக்காது’ என்பது போன்ற வாக்கியத்திலிருந்துதான் அடுத்த வாரம் ஏதாவது செய்ய முடியும்.

அந்த ஏதாவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். குழுவின் அறிவிப்பொலியை நிறுத்துவது, பாடக் காணொளியை மடிக்கணினியில் பார்ப்பது, சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுவது என எதுவாகவும் இருக்கலாம். டிஜிட்டல் வெல்பீயிங்கில் செயலிக்கு நேர வரம்பும் வைக்கலாம். வரம்பு தீர்ந்தால் நள்ளிரவு வரை அந்தச் செயலி திறக்காது. ஆனால் வைத்தவரே அமைப்புகளுக்குள் போய் அதை நீக்கிவிட முடியும் என்பதால், சார்ஜரை மாற்றுவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பெற்றோரும் ஆசிரியரும் இந்த நோட்டைச் சோதனைச்சாவடியாக்கிவிடக் கூடாது. யாரோடு பேசினாய் என்பதை எழுதச் சொல்ல வேண்டாம். ‘நண்பரிடம் பேச’ என்பதே போதுமான காரணம். வகுப்பில் இதை ஒப்படைப்பாகக் கொடுக்கும் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை எழுதிய அரைப் பக்கத்தை மட்டும் வாங்கி, கவனித்ததன் கூர்மைக்கு மதிப்பெண் தர வேண்டும். குறைந்த நேரத்துக்கு அதிக மதிப்பெண் என்று அறிவித்தால் வகுப்பு முழுவதும் பொய் நோட்டுகளே வந்து சேரும். அப்பாவோ அம்மாவோ அதே வாரம் தங்களுக்கும் ஒரு நோட்டு போட்டுக்கொண்டால், ஞாயிறு மாலைப் பேச்சு அறிவுரையாக இல்லாமல் இரு தரப்புப் பேச்சாக அமையும்.

இரண்டாம் வாரத்தில் எல்லா வரிகளையும் எழுத வேண்டிய அவசியமில்லை; மாற்றிய அந்த ஒன்றைச் சார்ந்த வரிகளை மட்டும் எழுதி, முதல் வாரத்தோடு ஒப்பிட்டால் போதும். மாற்றம் பலிக்கவில்லையெனில் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். கோடை விடுமுறையில் எழுந்திருக்கும் நேரத்திலிருந்து எல்லாமே மாறிவிடுவதால், அப்போது ஒரு வாரம் முழுக் குறிப்பேட்டையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.