கரண்டியைச் சாய்த்துக் காட்டுங்கள்

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு ஊரில் வேலை பார்க்கிறேன். ஆர்டரில் அங்கன்வாடிப் பணியாளர், ஊருக்கு பால்வாடி டீச்சர். கொரோனாவில் மையத்தைப் பூட்டியபோது, சத்துமாவு கொடுக்க வீடு வீடாகப் போன கையோடு தாய்மார்களின் நம்பரை வாங்கி, பிள்ளைக்கு என்ன ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்று சொல்லிக் கொடுக்க ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். மையம் திறந்த பிறகும் குரூப் நிற்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர், "எப்படிக்கா நடத்துறீங்க, நாங்க போட்டா ஒருத்தரும் பாக்க மாட்டேங்குறாங்க" என்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் போட்ட முதல் வீடியோவையும் ஒருத்தரும் பார்க்கவில்லை. 11 நிமிடம் ஓடும். சுவரில் சார்ட்டை மாட்டி, குச்சி வைத்து, புரதம், மாவுச்சத்து, நுண்ணூட்டம் என்று பாடம் நடத்தியிருந்தேன். மறுநாள் ரேஷன் கடையில் ஒரு தாயைப் பிடித்துக் கேட்டேன். "அது சுத்திக்கிட்டே இருந்துச்சு டீச்சர், டவுன்லோடே ஆகல. அவரு வேற டேட்டா தீந்துபோயிடுச்சுன்னு கத்துறாரு." முழுசாகப் பார்த்த ஒரே ஒருத்தி கேட்டது, "நுண்ணூட்டம்னா எந்தக் கடையில கெடைக்கும்?" அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அடுத்த வாரம் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு இரண்டு கிண்ணத்தில் கஞ்சி காய்ச்சினேன். ஒன்று வழக்கமாக எல்லோரும் ஊட்டுகிற தண்ணிக் கஞ்சி. இன்னொன்று கெட்டி. முதல் கிண்ணத்தில் கரண்டியை விட்டுச் சாய்த்தேன், ரசம் மாதிரி ஓடியது. இரண்டாவதில் சாய்த்தேன், கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, உதறினால்தான் பொத்தென்று விழுந்தது. "பிள்ளையோட வயிறு அதோட கைப்பிடி அளவுதான். முதல் கஞ்சியில வயிறு தண்ணியாலயே நிறைஞ்சிடும். ரெண்டாவதுதான் சோறு." அவ்வளவுதான் பேசினேன். 40 வினாடி. அன்று ராத்திரி 9 பேர் தங்கள் வீட்டுக் கரண்டியைச் சாய்த்து போட்டோ அனுப்பினார்கள். ஒன்று வழிந்திருந்தது, இரண்டு கல் மாதிரி இருந்தது. யாருக்கு எங்கே பிசகுகிறது என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

ஆகவே முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வீடியோவில் ஒரே ஒரு காரியம். அதை அவள் இன்றைக்கே தன் அடுப்படியில் செய்து பார்த்து, போட்டோவாகத் திருப்பி அனுப்ப முடிய வேண்டும். திருப்பி அனுப்ப எதுவும் இல்லாத வீடியோ என்றால் போடாமல் விட்டுவிடலாம்.

படம் எடுப்பதில் பெரிய வித்தை இல்லை. காலை பத்து மணிக்குக் கொல்லைப்புறக் கதவோரம் உட்காருங்கள், டியூப்லைட் வேண்டாம். போனை ஒரு படியில் சாய்த்து நிறுத்துங்கள். முகம் தேவையில்லை, கையும் பாத்திரமும் தெரிந்தால் போதும். பாத்திரம் அவர்கள் வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நான் ஒருமுறை கண்ணாடி கிண்ணத்தில் காட்டி, "அது மாதிரி எங்ககிட்ட இல்லையே டீச்சர்" என்று பேச்சு வாங்கினேன். அப்புறம், ஆடி மாதத்தில் கோயில் ஸ்பீக்கர் ஓயும் நேரம் பார்த்துத்தான் பேச முடியும். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் இரண்டாக வெட்டிவிடுங்கள். ஹெச்டியில் அனுப்பாதீர்கள். படிக்கத் தெரியாதவர்கள் இருப்பதால் எழுத்தில் நான் எதுவும் போடுவதில்லை, ஆடியோதான்.

எப்போது அனுப்புவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மதியம் 12 மணிக்கு அனுப்புவது நமக்கு வசதி. ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் நம் தாய்மார்கள் விடியற்காலையிலேயே நடவுக்குப் போய்விடுவார்கள். பாதி வீட்டில் போன் புருஷன் சட்டைப்பையில் இருக்கும். அவர் திருப்பூரில் இருந்தால் போன் இவளிடமே இருக்கும், ஆனால் ரீசார்ஜ் இருக்காது. நான் கண்டுபிடித்த நேரம் ராத்திரி எட்டரை. சாப்பாடு முடிந்து, போன் வீட்டுக்கு வந்து, அன்றைய டேட்டாவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் நேரம். நடவு, அறுப்பு நாட்களில் வாரத்துக்கு ஒன்று போதும். கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது மூன்று கூடப் போடலாம். ஆனால் கையில் காசு இல்லாத நேரமும் அதுதான், அப்போது போய் ஆப்பிளைப் பற்றிப் பேசக்கூடாது.

சரி, என்ன சொல்லிக் கொடுப்பது?

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர் கூட வேண்டாம். இதை ஒரே ஆடியோவில் முடித்துவிடலாம். அதற்குப் பிறகுதான் நம் வேலை. 6 மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று டேபிள் ஸ்பூனில் ஆரம்பித்து, 8 மாதத்துக்குள் கால் லிட்டர் கிண்ணத்தில் பாதிவரை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. 9 மாதத்திலிருந்து அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். தாய்ப்பாலும் 2 வயதுவரை கூடவே போகலாம். இந்தக் கணக்கை வாயால் சொன்னால் நிற்காது. டீ டம்ளரால் அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் அளந்து ஊற்றிக் காட்டினேன், அதற்குப் பிறகுதான் நின்றது.

ஒரு வயதுக்குள் சர்க்கரையும் உப்பும் சேர்க்க வேண்டாம், தேன் கூடவே கூடாது. நாம் கொடுக்கும் சத்துமாவில் வெல்லம் கலந்தே வருகிறது, மேலே சீனி போடுவது வீண். முழுக் கடலையோ பொட்டுக்கடலையோ சின்னப் பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்காமல் பொடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது பருப்பு. இதைப் பற்றி ஒரு மாதம் பேசலாம். ரேஷனில் கார்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். முப்பது நாளைக்குப் பிரித்தால் நாளுக்கு 33 கிராம். நாலு பேர் இருக்கும் வீட்டில் அது சாம்பாரில் கரைந்து காணாமல் போய்விடும். பிள்ளைக்குப் போய்ச் சேர்வது மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணி. "பருப்புத் தண்ணி தர்றேன் டீச்சர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். சத்து அடியில் இருக்கும் பருப்பில் அல்லவா இருக்கிறது! அதனால் என் வீடியோவில், குக்கரைத் திறந்ததும் புளி கரைப்பதற்கு முன்னால், வெந்த பருப்பில் ஒரு குழிக்கரண்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். அதில் சோற்றைக் குழைத்து, அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, கரண்டியைச் சாய்த்துக் காட்டினேன். செலவு ஒரு பைசா கூடக் கிடையாது, எடுக்கும் நேரம்தான் முன்னால் போகிறது.

அடுத்து விரல் கணக்கு. சாப்பாட்டு வகைகளை எட்டாகப் பிரித்து, அதில் குறைந்தது ஐந்து வகை அன்றைக்குப் பிள்ளை வயிற்றுக்குப் போக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தாய்ப்பால் ஒன்று, அரிசி, கேழ்வரகு, கிழங்கு ஒன்று, பருப்பு, பயறு, கடலை ஒன்று, பால், தயிர் ஒன்று, மீன், கறி ஒன்று, முட்டை ஒன்று, கீரை, பரங்கி, பப்பாளி மாதிரி பச்சையும் மஞ்சளும் ஒன்று, மற்ற காய், பழம் ஒன்று. இந்தப் பட்டியலை நான் குரூப்பில் போடவில்லை. ராத்திரி, "இன்னைக்கு எத்தனை விரல்?" என்று மட்டும் கேட்பேன். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு விரல் இலவசம். ரசம் சாதம் மட்டும் ஊட்டினால் இரண்டில் நிற்கும். "பருப்பு எடுத்து வச்சேன், மூணு" என்று ஆடியோ வரும். "முருங்கைக்கீரையை அதுலயே மசிச்சா நாலாச்சே" என்பேன். ஐந்தாவதுக்கு முட்டை. 2 வயது தாண்டிய பிள்ளைக்கு மையத்தில் வாரம் மூன்று கிடைத்துவிடும், அதைத் தவறவிடாமல் பிள்ளையை மையத்துக்கு அனுப்பச் சொன்னாலே போதும்.

டெல்டாவில் இருந்துகொண்டு கடைப் பொருளை மட்டும் சொல்லிக் கொடுப்பது பாவம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவோம், பங்குனியில் அது வீட்டுக்கு வரும். அந்த ஒரு மாதம் முழுக்க என் குரூப்பில் பயறுதான். வாய்க்காலில் தண்ணீர் வடியும்போது கெண்டை, கெளுத்தி, விரால் கிடைக்கும். முள்ளை எடுத்துவிட்டு மசித்தால் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும். வரப்போரத்தில் பொன்னாங்கண்ணியும் ஆரைக்கீரையும் கிடக்கிறது, மருந்தடித்த வயல் பக்கம் மட்டும் பறிக்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மாமியார்களை விட்டுவிட்டு இதில் எதுவும் நடக்காது. "முட்டை சூடு", "தயிர் சளி", "கீரை மாந்தம்" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் என் பத்து வீடியோவும் போச்சு. ஆரம்பத்தில் எதிர்த்துப் பேசி இரண்டு வீட்டில் கெட்ட பெயர் எடுத்தேன். பிறகு ஒரு பெரியம்மாவிடம் போய், உளுந்தங்களி பக்குவத்தை நீங்களே பேசுங்கள் என்று போனை நீட்டினேன். முதலில் வெட்கப்பட்டார், அப்புறம் நிறுத்த முடியவில்லை. உளுந்து வறுக்கும் பதம், கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய் எப்போது விடுவது என்று நாலு ஆடியோ. ஊரே கேட்டது. அடுத்த வாரம் அவரே, "மஞ்சக்கருவ மொதல்ல கொஞ்சமா குடு, ஒத்துக்கிட்டா கூட்டு" என்று மருமகளுக்குச் சொன்னதாகத் தகவல் வந்தது.

குரூப் என்றால் பார்வேர்டும் வரும். ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்தபோது, "பிளாஸ்டிக் அரிசி, தண்ணியில மெதக்குது" என்று ஒரு வீடியோ சுற்றியது. பொய் என்று எழுதிப் போட்டால் யார் நம்புவார்கள்? அந்த மிதக்கிற மணிகளை மட்டும் பொறுக்கி, டம்ளரில் போட்டு வேகவைத்து, விரலால் நசுக்கிக் காட்டினேன். சோறாகத்தான் இருந்தது. அரிசி மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்து அரிசி மாதிரியே செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்திருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு சொன்னேன். காட்டிய பிறகு சொல்லுங்கள், வரிசை மாறினால் வேலைக்கு ஆகாது.

ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கையளவு நாடா தெரியுமல்லவா, 6 மாதம் முதல் 5 வயதுவரை பிள்ளையின் மேல்கையைச் சுற்றிப் பார்ப்பது. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5-க்குக் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள். ஒரு பிள்ளைக்கு மஞ்சள் வந்தது. பாடமாக இருக்கட்டும் என்று அந்தக் கையைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டேன். முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனால் கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறும் வளையலும் ஊருக்கே தெரியும். பத்து நிமிடத்தில் அந்தத் தாய் குரூப்பை விட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரம் பிள்ளையை அனுப்பவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன், தண்ணீர் கொடுத்தாள், பேசவில்லை. அன்றிலிருந்து என் குரூப்பில் பிள்ளைகள் படம் கிடையாது. நாடாவை ஒரு பொம்மை கையில்தான் சுற்றிக் காட்டுவேன். எடை, உயரம், நிறம் எல்லாம் அந்தந்தத் தாயிடம் தனியாக, முடிந்தால் நேரில்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று ராத்திரி ஆடியோ வந்தால் வைத்தியம் சொல்ல உட்காராதீர்கள். வயிற்றுப்போக்கு என்றால், ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, பாலையும் சோற்றையும் நிறுத்தாதே, துத்தநாக மாத்திரையை நர்ஸ் சொன்ன அளவில் 14 நாளும் கொடு. இவ்வளவுதான் நம் எல்லை. பிள்ளை துவண்டு கிடந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ போனைக் கீழே வைத்துவிட்டு 108.

கடைசியாக, ஸ்மார்ட்போன் இல்லாத வீடு. என் மையத்தில் அப்படி ஆறு வீடு, ஆறும் மிகவும் கஷ்டப்படுகிற வீடுதான். அவர்களை விட்டுவிட்டு நடத்தினால் குரூப் வசதியுள்ளவர்களின் குரூப்பாக ஆகிவிடும். ஒவ்வொரு வீட்டையும் திண்ணைக்குத் திண்ணை பக்கத்து வீட்டோடு சேர்த்துவிட்டேன், அவள் ஆடியோவைச் சத்தமாகப் போட்டால் இவளுக்கும் கேட்கும். கரண்டி வீடியோ போட்ட வாரம், அப்படிக் கேட்ட ஒருத்தியின் மூத்த பையன் காலையில் மையத்துக்கு ஒரு டிபன் டப்பாவோடு வந்து நின்றான். "அம்மா பாக்கச் சொன்னுச்சு." திறந்தால் சத்துமாவுக் கஞ்சி. ஆயாவிடம் ஒரு கரண்டி வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் வழிந்தது. இன்னும் ஒரு ஸ்பூன் மாவு போடச் சொல்லு என்று டப்பாவை மூடிக் கொடுத்தனுப்பினேன்.