ஸ்லோவேனியா: கிலோமீட்டரை நம்பிப் போடும் பயணத் திட்டங்கள்

சென்ற மாதம், ஸ்லோவேனியாவுக்கு முதன்முறையாகச் செல்லவிருக்கும் ஒரு குடும்பத்தினர் தங்கள் பயணத் திட்டத்தைப் பார்த்துத் தருமாறு எனக்கு அனுப்பியிருந்தார்கள். காலை பிளெட் ஏரி, நண்பகல் வர்ஷிச் கணவாய், மாலை சோச்சா ஆறு, இரவு தலைநகர் லுப்லியானா என்றிருந்தது. சிறு குழுக்களை அங்கே அழைத்துச் செல்லத் தொடங்கிய புதிதில் நான் போட்ட திட்டமும் ஏறத்தாழ இதேதான். நெடுஞ்சாலைக் கட்டணம், மழைச்சட்டை போன்றவற்றைப் பற்றி எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, திட்டம் போடும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மலையைத் தூரத்தால் அளப்பது

நாட்டின் மொத்தப் பரப்பே 20,271 சதுர கிலோமீட்டர்தான். வரைபடத்தில் எதுவும் தொலைவாகத் தெரியாது. ஆனால் வடமேற்கில், 2,864 மீட்டர் உயரமுள்ள திரிக்லாவ் சிகரத்தைச் சுற்றியிருக்கும் ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளில் இந்தக் கணக்கு செல்லாது. கிரான்ஸ்கா கோரா ஊரிலிருந்து 1,611 மீட்டர் உயரத்திலுள்ள வர்ஷிச் கணவாய்க்கு ஏறி, மறுபுறம் திரெந்தா பள்ளத்தாக்குக்கு இறங்கும் சாலையில் 50 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பனி விழுந்தால் அந்தச் சாலையை அடைத்துவிடுவார்கள். வசந்தம் வந்த பிறகும் உடனே திறந்துவிடும் என்று சொல்ல முடியாது.

இதை அறியாமல் ஓர் ஏப்ரல் தொடக்கத்தில் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு சென்ற நான், தடுப்புக் கட்டையின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். மறுபுறம் போவெட்ஸ் ஊரில் அறைகளுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். இத்தாலிக்குள் நுழைந்து பிரெடில் கணவாய் வழியாக அங்கே இறங்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாததால், லுப்லியானாவுக்கே திரும்பினோம். முன்பணம் போனதைவிட, சோச்சாவைப் பார்க்கவென்றே வந்திருந்த ஒரு முதியவர் வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

சாலை திறந்திருக்கும் கோடையிலும் இதே தவறு வேறு வடிவில் நடக்கிறது. முதல் உலகப் போரின்போது ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட சாலை இது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் புதையுண்டு மாண்டவர்களின் நினைவாக அவர்களுடைய தோழர்கள் எழுப்பிய மரத்தேவாலயம் வழியிலேயே இருக்கிறது. நேரமில்லை என்று அதைக் கடந்து, பாறைப் பிளவிலிருந்து சோச்சா பிறக்கும் ஊற்றையும் கடந்து, 1917 அக்டோபரில் இத்தாலியப் படை சிதறிய கோபாரிட்டில் இருக்கும் போர் அருங்காட்சியகத்தையும் மூடிய பிறகு போய்ச் சேருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பள்ளத்தாக்கில் இரண்டு இரவாவது தங்குங்கள். கணவாய் அடைத்திருந்தால் லுப்லியானாவிலிருந்து இத்ரியா, தோல்மின் வழியாக வாருங்கள். 500 ஆண்டுகள் பாதரசம் எடுத்த இத்ரியா சுரங்கம் 2012 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது என்பதால், அந்தச் சுற்றுவழியும் வீணாகாது.

ஒரு குகையைப் பார்த்துவிட்டு மற்றதை விடுவது

போஸ்தோய்னா குகைக்குள் 1872 முதல் தண்டவாளம் உண்டு. சிறு ரயிலில் அமர்ந்தபடியே சுண்ணாம்புத் தூண்களுக்கு நடுவே செல்லலாம். 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஷ்கோட்சியான் குகை முற்றிலும் வேறானது. அங்கே ரேகா ஆறு நிலத்தடியில் பெரும் பள்ளத்தாக்கையே குடைந்திருக்கிறது. ஆற்றுக்கு ஏறத்தாழ 45 மீட்டர் மேலே தொங்கும் குறுகிய பாலத்தை நடந்துதான் கடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் போஸ்தோய்னாவோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் இரண்டையும் பாருங்கள், ஒரே நாளில் வேண்டாம்.

பிளெட்டோடு திரும்பிவிடுவது

போஹின் ஏரிக்கும் செல்லுங்கள்.

லுப்லியானாவில் உறங்க மட்டும் செய்வது

மூன்று பாலங்கள், ஆற்றங்கரைச் சந்தை, தேசிய நூலகம் ஆகிய மூன்றும் யோஷே பிளெச்னிக் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் கைவண்ணம். அவருடைய லுப்லியானா பணிகள் 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள்.

செர்க்னிட்சா ஏரியைத் தவறான பருவத்தில் தேடுவது

வறண்ட கோடையில் அங்கே போய், வழி தவறிவிட்டோமோ என்று எனக்குத் தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு. நிலத்துளைகளின் வழியே நீர் வடிந்து, ஏரி இருந்த இடம் புல்வெளியாகிவிடுகிறது. நல்ல மழைக்குப் பிறகு அதே இடத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கு மேல் நீர் பரந்து நிற்கும். நீரைப் பார்க்க விரும்புபவர்கள் இலையுதிர்கால மழை பெய்தபின் செல்லுங்கள்.